முரசு அறையாமல் வந்த மரக்கலம்

கடாரத்து மலைக்கு மேலே முழுநிலா எழுந்து, ஆற்று முகத்துவாரமெங்கும் வெள்ளியை வாரி இறைத்துக்கொண்டிருந்த அந்தி வேளையில், கோட்டை மேல்மாடத்தில் நின்ற கூத்தன் விழுப்பரையர் அழகை ரசிக்கும் நிலையிலா இருந்தார்? சோழச் சக்கரவர்த்தியின் பெயரால் கடாரத்தை ஆண்டுவந்த அந்தத் தண்டநாயகர் அலுத்துப் போயிருந்தார், அன்பர்களே, அடியோடு அலுத்துப் போயிருந்தார்!

பேருக்குத்தான் ஆட்சி. வரி விதிக்கலாம், வழக்குக் கேட்கலாம், சிறையில் அடைக்கலாம். அரச குலத்துக் கைதியை விடுவிக்கவோ, கொல்லவோ, ஏன், மணக்கவோகூடச் சக்கரவர்த்தியின் ஆணை வேண்டும். அதுவோ ஆண்டுக்கொருமுறை மேல்காற்றோடு கடல் கடந்து வரும். கலகம் செய்த கடாரத்து இளவரசனின் தங்கை தாராவதியைச் சிறைவைத்தவரும் அவரே. அவளிடம் மனத்தைப் பறிகொடுத்தவரும் அவரே. சென்ற ஆண்டு, அவளை மணக்க அனுமதி வேண்டி விண்ணப்பித்திருந்தார்.

இதோ, ஆணை சுமந்த சோழக் கலம் துறையில் நுழைகிறது. முரசொலியைக் காணோம்! கருணை ஆணை கொணரும் கலம் முரசறைந்து வரும். கொலை ஆணை கொணரும் கலம் ஓசையின்றி வரும். அதுதான் அக்கடற்படையின் வழக்கம். அப்படியானால் தாராவதியின் தலைக்கல்லவா ஆபத்து! விழுப்பரையர் விழுந்தடித்துக்கொண்டு சிறைக்கு ஓடினார்.

“கிளம்பு, தேவி! பின்துறையில் படகு நிற்கிறது. மலைக்குப் போய் உன் குலத்தாரோடு மறைந்துகொள்.”

“தாங்களும் வாருங்கள்.”

“நான் வந்தால் படை நம்மைத் துரத்தும். இங்கிருந்தால் தூதரைப் பேச்சில் இழுத்தடிப்பேன்.”

“மறுபடி தங்களை எப்போது காண்பேன்?”

அவளைப் பின்துறைக்கு அழைத்துச் சென்று படகில் ஏற்றினார். படகை அவரே தள்ளிவிட்டார்.

சபா மண்டபத்தில் தூதர் இருங்கோளர் வாயெல்லாம் பல்லாக நின்றார். “சக்கரவர்த்தி திருமணத்துக்கு இசைந்துவிட்டார், விழுப்பரையரே! மணப்பட்டும் அனுப்பியிருக்கிறார். புயலில் முரசு நனைந்து பாழாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும். மணமகள் எங்கே?”

விழுப்பரையர் தலையில் அடித்துக்கொண்டார். பாழாய்ப் போன அவசரம்!

“ஆணையின்றிச் சிறையைத் திறந்து அவளை அனுப்பிவிட்டேன். இது இராசத் துரோகம். என்னைச் சிறைப்படுத்தும். அவளை மட்டும் மணமகளாக அழைத்துவர ஆள் அனுப்பும்.”

தூதரின் சிரிப்பு மறைந்தது. “தப்பிய கைதியை மணமகளாக அழைக்க எனக்கு அதிகாரமில்லை. தங்களைத் தண்டிக்கவும் அதிகாரமில்லை. இரண்டையும் சக்கரவர்த்திதான் சொல்ல வேண்டும். அடுத்த மேல்காற்று வரை பொறுத்திருங்கள்.”

“அதுவரை இந்தக் கடாரத்தை ஆள்வது யார்?”

“தாங்கள்தான்,” என்றார் இருங்கோளர்.

விழுப்பரையர் தம் ஆசனத்தில் போய் அமர்ந்து, சபையோர் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதார்.