அருவிக்குள் போன குலவேல்

கோயில் காவல்காரரின் மண்டையைப் பிளந்துவிட்டுக் குலவேலைத் தூக்கிப் போனவர்கள் இரண்டு பேர். அவரிடம் வெட்டு வாங்கிய ஒருவனின் இரத்தம் மலைப்பாதை நெடுகச் சொட்டியிருந்தது. வேலை மீட்காமல் இறங்குவதில்லை என்று சொல்லி, குடும்பத்து மூத்தவர் பூதத்தார் அரிவாளை இடுப்பில் செருகினார்.

தம்பி மகன் பேச்சிமுத்து உடன் கிளம்பினான். அவன் பின்னால் தங்கை வடிவு வந்து நின்றாள். பதினாறு வயது, பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. ஆண்டுதோறும் வீட்டுப் பிள்ளைகள் அருவிக்கு ஏறும்போது, அவளை மட்டும் அடிவாரத்தில் செருப்புகளுக்குக் காவல் வைப்பார் பெரியப்பா. கூப்பிட்டால் கேட்காத பிள்ளை பாறையில் வழுக்கிச் செத்தால் குடும்பப் பெயர் என்னாவது?

“களவாணிப் பயலுவ மொகத்தப் பாத்தது இவ ஒருத்திதான். இன்னைக்கும் செருப்புக்குக் காவலா, பெரியப்பா? இவ வரலன்னா நானும் வரல” என்றான் பேச்சிமுத்து.

பூதத்தார் பல்லைக் கடித்தார். “வரட்டும். எங் கண்ணு முன்னாலயே நிக்கணும்.”

பாதி மலையில் மேலிருந்து உருட்டிவிட்ட பாறை பேச்சிமுத்துவின் தோளை நொறுக்கியது. துண்டால் கையைக் கட்டிக்கொண்டு, பின்தங்கியபடியே ஏறினான்.

அருவியின் இரைச்சலில் அவரவர் குரல் அவரவருக்கே கேட்கவில்லை. நீர்த்திரைக்குப் பின்னிருந்த குகையிலிருந்து, காயம்பட்டவன் வேலோடு பாய்ந்தான். பூதத்தார் அவன் மணிக்கட்டை வெட்டினார்; நெஞ்சில் உதைத்துச் சாய்த்தார். அரிவாளைச் செருகிவிட்டு, இரத்தம் வழியும் வேலை எடுத்து நிமிர்ந்தார்.

எதிரே நின்ற வடிவு சட்டென்று அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

வேல் மீண்டதற்கு ஆசி கேட்கிறாள் என்று நினைத்தார். எவனுக்கும் வளையாத முதுகு அது. ஆனால் காலில் விழுந்த வீட்டுப் பிள்ளைக்குத் திருநீறு இடாமல் நிற்க அவருக்குத் தெரியாது. மடியைத் தடவிக்கொண்டே குனிந்தார்.

கழுத்து இருந்த இடத்தைக் கிழித்துப் போன அரிவாள், பாறையில் மோதிப் பொறி பறந்தது. இரண்டாமவன்! பூதத்தார் திரும்பி வேலை அவன் தொடையில் இறக்கினார். தூரத்தில் பேச்சிமுத்து வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தான். ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

இருவரையும் காட்டுக்கொடியால் கட்டி இழுத்துக்கொண்டு, இரைச்சல் அடங்கும் தூரம் வந்தபின் வடிவு அண்ணனிடம் கைச்சைகையால் ஏதோ சொன்னாள். பேச்சிமுத்து வலியோடு சிரித்தான்.

“என்னல சொல்லுதா?”

“குனின்னு காட்டினா பெரியப்பா குனிய மாட்டாராம். கால்ல விழுந்தாத்தான் குனிவாராம்.”

பூதத்தார் தன் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அடிவாரத்தில் ஊர் கூடியிருந்தது. வேல் கொணர்ந்தவர் தலையில் கட்டும் பரிவட்டத்தைப் பூசாரி பூதத்தாரிடம் நீட்டினார். அவர் அதை வடிவின் பக்கம் தள்ளிவிட்டார். பெண்பிள்ளைக்கா, அதுவும் ஊமைக்கா என்று யாரோ முணுமுணுக்க, அவர் கை அரிவாள் பிடிக்குப் போனது.

“எங் கழுத்து எங்கிட்ட இருக்கது இவளால. கட்டும் வே. இனி எங்க வீட்டுப் பிள்ளைக மலையேறினா, இவதான் முன்னால போவா.”