ஆள் இல்லாத நேரம் மட்டும்

அம்பிட்டிய ஏற்றத்தில் முச்சக்கர வண்டி திணறிக்கொண்டு நின்றபோது மணி பதினொன்று. நல்ல வெயில். ஆனாலும் அந்த வீட்டு முற்றம் மட்டும் ஈரமாகவே கிடந்தது. றொமேஷ் இறங்கி இரும்புக் கேட்டைத் தள்ளினான். பழைய இசைத்தட்டு என்றால் அவன் எந்த மலைக்கும் ஏறுவான். கோயிலுக்குக் கூப்பிட்டால் மட்டும் கால் வலி வந்துவிடும் என்று மனைவி ஷிராணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நாற்பத்திரண்டு வயதிலும் றொமேஷ் ரொக் வாசிக்கிற கிற்றார்காரன். வெள்ளி, சனியில் ஹோட்டல் கல்யாணங்களில் வாசிப்பு. மற்ற நாளெல்லாம் குண்டசாலை வீட்டு முன்னறையில், அக்கம்பக்கத்தாரின் பொறுமையைச் சோதித்துக்கொண்டு சொந்த வாசிப்பு. அவனுக்கு வாத்தியார் என்று யாரும் இல்லை. இசைத்தட்டுகளைக் கேட்டே படித்தவன். ஒரு துண்டு பிடிபடும் வரை ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைப்பான். வைக்க வைக்கத் தட்டில் அந்த இடம் மட்டும் மங்கிப்போகும். அதனால் யாருடைய தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே, அதன் சொந்தக்காரர் எந்த இடத்தில் மல்லுக்கட்டினார் என்று அவனால் சொல்ல முடியும்.

இந்த வீட்டுத் தட்டுகள் சுவக்கினுடையவை. எழுபதுகளில் கண்டி மேடைகளைக் கலக்கிவிட்டு இளவயதிலேயே செத்துப்போன கிற்றார்காரர். கதவைத் திறந்தது அவருடைய தங்கை ஐரின். எழுபதை நெருங்கும் வயது, பேச்சு வராது. கழுத்தில் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் தொங்கின. அண்ணனின் தட்டுகளைச் சும்மா தருவதாகக் கோயில் பலகையில் எழுதி ஒட்டியிருந்தவர் அவர்தான்.

அலுமாரியைத் திறந்ததும் பூஞ்சணமும் பூச்சிமருந்து உருண்டையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கடைசித் தட்டில் லேபல் இல்லை. கம்பனியில் அச்சடித்தது அல்ல, ஒரே ஒரு பிரதியாக நேரடியாக வெட்டி எடுத்தது. இந்த வகைத் தட்டு மிருதுவானது. ஒவ்வொரு தரம் போடும்போதும் கொஞ்சம் தேயும். றொமேஷ் அதை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான். எங்குமே மங்கவில்லை. ஐம்பது வருடமாக யாரும் அதைப் போட்டுக் கேட்கவே இல்லை.

அவன் கையில் கொடுத்த பிறகும் ஐரின் தட்டின் ஓரத்தை விடவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டுக் கொப்பியில் எழுதித் தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

"ஆள் இல்லாத நேரம் மட்டும் போடவும்."

றொமேஷ் சிரித்துவிட்டான். "எங்க வீட்லயும் இதே சட்டந்தான் ஆன்ட்டி. நான் கிற்றாருக்கு அம்ப் போட்டா பக்கத்து வீட்டு நாயே வெளிய ஓடிரும்."

ஐரின் சிரிக்கவில்லை. தாளை வாங்கி, அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் தட்டை விட்டார்.

அவன் குண்டசாலை வீட்டுக்குத் திரும்பியதும், பகல் சாப்பாட்டு நேரம், மழை பிடித்துக்கொண்டது. ஷிராணி பள்ளிக்கூட ஆசிரியை. தவணை விடுமுறை என்பதால் வீட்டில்தான் இருந்தாள், குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு தேவாலயப் பூசையில் சங்கீதம் பாடுகிற குரல் அவளுடையது. அவள் பாடினால் பின்வரிசையில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். சும்மா இருக்கும்போது அவள் முணுமுணுக்கிற பாட்டைக் கேட்டுத்தான் றொமேஷ் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் பின்னால் சுற்றினான்.

முன்னறையில் அவன் அந்த லேபல் இல்லாத தட்டில் ஊசியை வைத்தான். முதலில் ஒரு வறட்டு இருமல். பிறகு ஆண் குரலில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கை. பிறகு தாளக் கிற்றார். அப்படியொரு வாசிப்பை அவன் கேட்டதில்லை. நடுவில் லீட், அதாவது தனிக் கிற்றார் வாசிப்பு, வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பிறகு வாசித்துச் சேர்க்கலாம் என்று சுவக்கின் விட்டுவைத்திருக்கிறார். அந்த வெற்றிடத்தில், எங்கேயோ உள் அறையிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"அண்ணே, சோறு ஆறுது, வாங்க!"

பதிவு கெட்டுப்போன கோபத்தில் மனிதர் குதித்திருப்பார் என்று நினைத்து றொமேஷ் சிரித்தான். எந்தக் கிற்றார்காரன்தான் ஒரு வெற்றிடத்தைச் சும்மா விடுவான்? ஊசியைத் திரும்ப ஆரம்பத்தில் வைத்தான். கிற்றாரை மாட்டினான். வெற்றிடம் வந்ததும் அதற்குள் இறங்கினான்.

விரல்கள் தாமாக ஓடின. பூச்சிமருந்து உருண்டை வாடை அறை முழுக்க நிறைந்தது.

"என்னங்க, சோறு ஆறுது, வாங்க!" என்று குசினியிலிருந்து ஷிராணி கூப்பிட்டாள்.

சரியாக அதே இடத்தில்.

அவன் சாப்பாட்டு மேசைக்குப் போனபோது அவள் ஏதோ சொல்லிக்கொண்டே கறி போட்டாள். உதடு அசைந்தது.

சத்தம் வரவில்லை.

இருபது வருடம் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்ற றொமேஷ், கடைசியில் தன் காது போய்விட்டது என்றுதான் நினைத்தான். அப்போது அவள் கையிலிருந்து கரண்டி நழுவித் தரையில் விழுந்தது.

அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது.

தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று மூன்று டாக்டர்மார் சொன்னார்கள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தும் ஷிராணி போகவில்லை. ஞாயிறு அவளுடைய இடத்தில் வேறொருத்தி பாடினாள். ஷிராணி மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு அழுதாள். அழுகையிலும் சத்தம் இல்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து றொமேஷுக்குக் கிற்றாரைத் தொட மனம் வரவில்லை.

ஒரு மத்தியானம் அவள் வெளியே போயிருந்தபோது, மனம் கேளாமல் அந்தத் தட்டைப் போட்டான். இருமல். எண்ணிக்கை. கிற்றார். வெற்றிடம்.

"என்னங்க, சோறு ஆறுது, வாங்க!"

அந்தச் சின்னப் பெண்ணின் குரல் இல்லை.

அவன் வாசித்த லீட்டும் இல்லை. ஷிராணியின் குரல் மட்டும் இருந்தது. அவன் திரும்பப் போட்டான். இன்னொரு தரமும் போட்டான். அந்தத் தரம் 'வாங்க'வில் ஒரு கரகரப்பு விழுந்தது. பதறிப்போய் ஊசியைத் தூக்கினான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அந்த இடம் மங்க ஆரம்பித்திருந்தது. அவள் குரலைக் கேட்கக் கேட்க, அவனே அதைத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அம்பிட்டிய வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினான். ஐரின் திறந்தார். கழுத்தில் கொப்பி இல்லை. ஒருதரம் வறட்டு இருமல் இருமினார்.

"உள்ளுக்கு வாங்க தம்பி."

சுருங்கிய வாயிலிருந்து பதினாறு வயதுப் பெண்ணின் குரல் வந்தது. தட்டில் கேட்ட அதே குரல்.

றொமேஷ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஐரின் மெதுவாகச் சொன்னார். "அண்ணன் வாசிக்கிறப்ப தெரியாம கூப்பிட்டுட்டேன். இனி நீ வாயே தொறக்காதன்னு கத்துனாரு. அந்த வாரமே போயிட்டாரு. அன்னையிலருந்து எனக்குப் பேச்சு இல்ல. அந்தத் தட்டுக்கு ஒரு குரல் வேணும் தம்பி. இன்னொண்ணு வந்தாத்தான் இருக்கிறத விடும்."

"தெரிஞ்சுமா எனக்குத் தந்தீங்க?"

"நான் எழுதித்தானே தந்தேன்." அந்தச் சின்னக் குரல் தழுதழுத்தது. "நீங்க சிரிச்சீங்க."

றொமேஷ் வீட்டுக்கு வந்து ஷிராணியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் நம்பவில்லை. தட்டைப் போட்டான். அவளுடைய குரல் கரகரத்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயந்தரமே தட்டின் படத்தைச் சுவக்கினின் பெயரோடு போனில் இசைத்தட்டுப் பிரியர்களின் குழுவில் போட்டான். அந்தப் பெயரைப் பார்த்ததும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து டெரன்ஸ் என்ற இளம் கிற்றார்காரன் மறுநாள் காலையே வந்து நின்றான். கூடவே அவன் மனைவி ஜெசிந்தா. கல்யாணமாகி நாலு மாதம். வந்ததிலிருந்து அவள் வாய் ஓயவில்லை.

"இவருக்கு நான் ரெண்டாவது பொஞ்சாதிங்க அண்ணே. மொதல் பொஞ்சாதி அந்த ரெக்கோட் பிளேயர். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட நான் நாலு தடவ கத்தணும்!"

டெரன்ஸ் வெட்கத்தோடு சிரித்தான். ஷிராணி ஜெசிந்தாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

றொமேஷ் தட்டை உறைக்குள் வைத்தான். ஐரின் கொடுத்த தாளையும் எடுத்தான். இரண்டு கோடு போட்ட அந்த வரி. தன்னைப் போல இவனும் சிரிக்கக்கூடும், சிரிக்காமல் இருந்தாலும் இருக்கக்கூடும், அது இவன்பாடு என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, தாளை உறைக்குள் செருகினான்.

ஷிராணி கையை நீட்டினாள். உறைக்குள்ளிருந்து தாளை உருவினாள். அதை நான்காக மடித்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

றொமேஷ் அவளைப் பார்த்தான். பிறகு தட்டை டெரன்ஸிடம் கொடுத்தான்.

"காசு வேணாம் தம்பி. நல்லா வாசிங்க. நடுவுல லீட்டுக்கு எடம் விட்டிருக்கு."

ஆறு நாள் கழிந்தது. ஏழாம் நாள் பகல், மழை.

"என்னங்க, சோறு ஆறுது, வாங்க!"

றொமேஷ் எழுந்து ஓடினான். ஷிராணி குசினி வாசலில் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். இந்தத் தரம் அவளுடைய அழுகை வீடு முழுக்கக் கேட்டது. அந்த ஒரு நிமிடம் றொமேஷுக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை.

அவர்கள் மேசையில் உட்காருமுன் போன் அடித்தது. டெரன்ஸ்.

"அண்ணே..." அவன் ரகசியம் போலப் பேசினான். "ஜெசிந்தா பேச மாட்டேங்கிறா. வாய் மட்டும் அசையுது. அந்த ரெக்கோட்டப் பத்தி ஒங்களுக்கு ஏதும் தெரியுமா அண்ணே?"

றொமேஷ் ஷிராணியைப் பார்த்தான். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி" என்றான் றொமேஷ். போனை வைத்தான்.

ஷிராணி அவனுடைய பீங்கானில் சோறு போட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

சொல்லுமுன் ஒருதரம் இருமினாள்.

வறட்டு இருமல். தட்டில் கேட்ட அந்த ஆணின் இருமல்.

பிறகு கரண்டியால் பீங்கானின் ஓரத்தில், நிதானமாக, நான்கு தட்டுத் தட்டினாள்.