யார் தோல் என்று கேட்காத வில்லை

வெள்ளிக்கிழமைதோறும் ஆய்வு நிலையம் ஆளுக்கு இரண்டு ஊசிவில்லைகள் கொடுக்கும். தோலில் ஒட்டினால் போதும்; கண்ணுக்குத் தெரியாத நூறு ஊசிகள் மருந்தை இறக்கிவிட்டு, ‘இறங்கிவிட்டது’ என்று நிலையத்துக்குச் செய்தி அனுப்பும். யார் தோல் என்று மட்டும் கேட்காது.

மருந்தின் பெயர் இனங்காட்டி. லூபஸ் நோயில் உடம்பின் காவல் அணுக்கள் சொந்த உடம்பையே பகையென்று கடித்துக் குதறுகின்றன. ‘இவை நம்மவை, தொடாதே’ என்று அவற்றுக்குப் புரியவைப்பதுதான் இனங்காட்டியின் வேலை. சோதனைக்கு வந்த நானூறு பேரில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது. ‘நடுவி’ என்ற கணிப்பொறிக்கு மட்டுமே தெரியும்.

ஆறாவது வாரம் அந்த நானூறு பேரில் ஒருத்தியான இசக்கியம்மாளுக்கும் தெரிந்துவிட்டது. கன்னங்களில் சிறகு விரித்திருந்த சிவப்பு மங்கியது. விரல்கள் வலியில்லாமல் மடங்கின. பக்கத்து நாற்காலி ஜெபராணிக்கோ முகம் வீங்கிக்கொண்டே போனது. சிறுநீரகம் பாதி போய்விட்டிருந்தது.

“அக்கா, ஒனக்கு மருந்து, எனக்கு உப்புத்தண்ணி. இன்னும் ரெண்டு வாரம் குத்துனா என்னையக் கருவாடாக் காயப்போட்டுரலாம்” என்று ஜெபா சிரித்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் இசக்கி தன் வில்லை ஒன்றை அவள் மடியில் வைத்தாள். “இத நீ ஒட்டு. ஒன்னோடதுல ஒண்ணு எனக்குத் தா.”

“ஒனக்குக் கொறஞ்சிரும்க்கா.”

“சும்மா கெடட்டி. பக்கத்துல ஒருத்திய வச்சிக்கிட்டுத் தனியாத் தின்னு எனக்குப் பழக்கமில்ல.”

ஜெபாவின் வீக்கம் மெல்ல வடிந்தது.

ஆண்டு முடிவில் டாக்டர் நூர்ஜஹான் எல்லாரையும் கூடத்தில் கூட்டினார். “ரெண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்ல. மருந்து பயனில்லன்னு நடுவி சொல்லிருச்சு. இன்னையோட நிறுத்துறோம்.”

இசக்கி பதறி எழுந்தாள். “வேல செய்யுது டாக்டர்! நாந்தான் பாதிய இவளுக்குக் குடுத்தேன்.”

“நீங்க ஒருத்தர் குடுத்ததால முடிவு மாறியிருக்காதும்மா.”

பின்வரிசையில் ஒரு பெரியவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். அடுத்து ஒரு பெண். பிறகு கூடமெங்கும் கைகள்.

டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “மொதல்லேர்ந்து சோதிக்கணும். நாலு வருஷம் ஆகும்.”

மருந்து நின்றால் ஜெபாவின் சிறுநீரகம் எட்டு மாதம்தான் தாங்கும்.

வெளியே வந்ததும் ஜெபா பையைத் துழாவி, இசக்கி அந்த வாரம் கொடுத்திருந்த வில்லையை நீட்டினாள். “நீயே ஒட்டிக்கக்கா. எனக்கு இனி வீணு.”

இசக்கி வில்லையை வாங்கினாள். மேலுறையை உரித்து ஜெபாவின் கையிலேயே ஒட்டி, மருந்து இறங்கும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

‘இறங்கிவிட்டது’ என்று வில்லை செய்தி அனுப்பியது. வாங்கிக்கொள்ள நிலையத்தில் இப்போது யாரும் இல்லை.