மூன்றாவது வேண்டாம்

டோர்வால் ஊரில் யாரையாவது காபி குடிக்கக் கூப்பிட்டால், முதலில் "வேண்டாம்" என்பார்கள். மறுபடி கூப்பிட்டால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம், வேண்டாம்" என்பார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டதும், "சரி, அரைக் கோப்பை மட்டும்" என்று உட்கார்ந்து மூன்று கோப்பை குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

இது எங்கள் ஊர் மரியாதை. இரண்டு 'வேண்டாம்' கணக்கில் வராது. மூன்றாவது முறையும் ஒருவர் 'வேண்டாம்' என்றால்தான் அது நிஜம். முதல் தடவையிலேயே 'சரி' சொல்கிறவர் வெளியூர்க்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இந்த ஊரில்தான் பிரிட்டா இருக்கிறாள். வயது பத்து. போன ஆகஸ்டில் அவளுடைய அப்பா லோவல், பழைய டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே நான்கு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு குட்டிக் கழிப்பறை. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போனால் போகிற இடமெல்லாம் நம் வீடுதான்.

தெருவில் போன அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். உங்கள் பிக்கப் இதை இழுக்குமா?

அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தில் எட்டாயிரம் பவுண்டு வரை இழுக்கும் என்று போட்டிருக்கிறதாம். டிரெய்லர் அதில் முக்கால்வாசிகூட இல்லையாம். எட்டாயிரம், எட்டாயிரம் என்று அவர் சொல்லிச் சொல்லி, நாய் ஸ்பட்கூட அந்தச் சொல்லைக் கேட்டால் வாலாட்ட ஆரம்பித்துவிட்டது.

பயணம் ஸ்பூன் ஏரிக்கு. அங்கே ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப் போட்டி. ஒரு குழந்தையும் ஒரு பெரியவரும் ஜோடியாகத்தான் கலந்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தூண்டில் போடத் தெரியாது. பிரிட்டாவின் ஜோடி, அம்மாவின் அண்ணன் ஆர்லன் மாமா. 'மாமா மருமகள் கம்பெனி' என்று பெயர்கூடக் கொடுத்தாகிவிட்டது. போன வருடம் சின்னக் காரில் இடம் போதாது என்று மாமா வரவில்லை. அதனால் பிரிட்டாவும் கரையில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தாள்.

ஆர்லன் மாமா பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவர். ஆள் ரொம்பப் பெரியவர். தன் உடம்பைப் பற்றி மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஒரு வேடிக்கை சொல்லிவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்ததும் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருப்பார். அதைப் பிரிட்டா மட்டும் பார்த்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினார்கள். எல்லோரும் பிக்கப்பில் ஏறினார்கள். வண்டியின் பின்பக்கம் அப்படியே கீழே அமுங்கியது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

நாயின் வாரை எடுக்க இறங்கிய பிரிட்டாவின் கண்ணில், ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு பட்டது. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,500 பவுண்டுக்கு மேல் ஏறக் கூடாது என்று அதில் இருந்தது.

"அப்பா, இதுல ஆயிரத்து ஐநூறுன்னுதானே போட்டிருக்கு?"

"அது வேற கணக்கும்மா. நம்ம வண்டி எட்டாயிரம் இழுக்கும்."

"இழுக்கிறது வேற, சுமக்கிறது வேறப்பா. பனிக்காலத்துல ஸ்பட்டைச் சறுக்குப் பலகையில உட்கார வெச்சு நான் தெரு முழுக்க இழுக்கிறேன். அவனைத் தூக்கச் சொன்னா என்னால முடியுமா?"

அப்பா வண்டியைச் சுற்றி வந்து அமுங்கிய பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போகிற வழியில் தானியக் கிடங்கு எடைமேடையில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடலாம், அதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று முணுமுணுத்தார்.

கிடங்கில் கோதுமை லாரிகள் வரிசையாக நின்றன. எடை பார்க்கும் வெர்ன் தாத்தா, குடும்பத்தோடு வந்த வண்டிக்கு முதல் இடம் கொடுத்தார். பிக்கப் மட்டும் மேடையில் நின்றது. டிரெய்லரின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நின்றன. ஆனாலும் டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் மேல் சாய்ந்து அழுத்துகிறதே, அந்தச் சுமையும் கணக்கில் உண்டு.

அந்தப் பிக்கப் சும்மா நின்றால் எவ்வளவு எடை என்பது வெர்ன் தாத்தாவுக்கு மனப்பாடம். அதைக் கழித்துவிட்டு, ஒலிபெருக்கியில் அறிவித்தார். அவருக்குக் காது மந்தம். அதனால் எதையும் ஊருக்கே கேட்கும்படிதான் சொல்வார்.

"லோவல், மேல ஏறினது ஆயிரத்து எழுநூத்தி எழுபது. இருநூத்தி எழுபது அதிகம்பா."

வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் சிரித்தார். ஆர்லன் மாமா முந்திக்கொண்டார்.

"எந்த மூட்டையை இறக்கணும்னு எல்லாருக்கும் தெரியுதே" என்று சொல்லிவிட்டுத் தூண்டில் பெட்டியோடு கதவைத் திறந்து இறங்கினார். வண்டி ஒரு பெருமூச்சோடு எழும்பியது.

"இப்போ ஆயிரத்து நானூத்தி அறுபது. இப்போ சரியாப் போச்சு" என்றது ஒலிபெருக்கி.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி விளிம்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

"நீங்க கிளம்புங்க. எனக்கும் வீட்டுல புல் வெட்டற வேலை இருக்கு" என்றார் மாமா.

அம்மா தலையை வெளியே நீட்டினாள். "அண்ணா, பேசாம ஏறு."

"வேண்டாம்மா."

"மச்சான், நான் மெதுவா ஓட்டறேன், ஏறுங்க" என்றார் அப்பா.

"வேண்டாம் லோவல். மலை இறக்கத்துல பிரேக்குக்கு நம்ம மரியாதையெல்லாம் தெரியாது."

பிரிட்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டுதான் ஆகியிருக்கிறது. அம்மா மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள்.

"வேண்டாம்" என்றார் மாமா.

அவ்வளவுதான். அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மாமா தூண்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு லாரி வரிசையின் ஓரமாக நடக்கத் தொடங்கினார். பேருந்து பிரேக்குகளோடு இருபது வருடம் மல்லுக்கட்டிய மனிதர் அவர். அதிக எடையில் ஏற மாட்டார் என்பது பிரிட்டாவுக்குத் தெரியும். ஏறச் சொல்வதும் சரியில்லை. அப்படியென்றால் வேறு எதையாவதுதான் இறக்க வேண்டும்.

அவள் பிக்கப்பின் பின்பக்கம் ஏறிப் பார்த்தாள். நாற்காலி, அடுப்புக் கரி, பாத்திரம் எல்லாம் டிரெய்லருக்குள் போய், அங்கே கால் வைக்கக்கூட இடமில்லை. இங்கே இறக்குவதற்கு எதுவும் இல்லை. தண்ணீர்க் கேன்கள் மட்டும் இருந்தன.

தண்ணீர்க் கேன்கள்.

நீலநிறத்தில் ஆறு பெரிய கேன்கள். அத்தனையும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அப்பா எங்கே போனாலும் இதைச் சுமந்துகொண்டு போவார். வெளியூர்த் தண்ணீரில் ஆணி ஊறிய ருசி அடிக்கிறது என்பது அவர் கட்சி. பயணத்துக்கு முன்னால் அம்மா ஒவ்வொரு சாமானாகப் பட்டியல் போட்டாள். அதில் உப்பு டப்பாகூட இருந்தது, தண்ணீர் இல்லை. அந்த வீட்டில் தண்ணீரைச் சாமான் என்று யாரும் நினைத்ததே இல்லை.

"வெர்ன் தாத்தா, ஒரு கேன் தண்ணி எவ்வளவு எடை இருக்கும்?"

அவள் இரண்டு முறை கத்திக் கேட்ட பிறகு ஒலிபெருக்கி பதில் சொன்னது. "அறுபது பவுண்டும்மா."

பிரிட்டா விரல் விட்டு எண்ணினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, தண்ணியை இறக்கிடலாமா?"

"வேண்டாம்" என்றார் அப்பா.

"ஏரிக்கரையில குழாய் இருக்குப்பா."

"அந்தத் தண்ணியில காபி போட்டா ஸ்பட்கூடக் குடிக்க மாட்டான். வேண்டாம்."

"காபிக்கு ஒரு கேன் வெச்சுக்கலாம். மாமா ஒரு ஆள்தானே இருக்காரு எனக்கு."

அப்பா திரும்பிப் பார்த்தார். லாரி வரிசையின் கடைசியில் ஆர்லன் மாமாவின் பெரிய முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அப்பாவின் கணக்குப்படி இது மூன்றாவது முறை.

"சரி" என்றார்.

அப்பா மேடையில் நின்று எடுத்துக் கொடுக்க, இரண்டு லாரிக்காரர்கள் வெளியே நின்று கேன்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். முதலில் சிரித்த லாரிக்காரர்தான் முதல் கேனைத் தூக்கினார். ஒவ்வொரு கேன் இறங்கும்போதும் ஒலிபெருக்கி எண்ணிக்கையைச் சொன்னது. ஐந்தாவது கேன் இறங்கியதும், "ஆயிரத்து நூத்தி அறுபது" என்றது.

பிரிட்டா மேடையிலிருந்து குதித்து ஓடினாள். மாமா சாலை முனையைத் தொட்டிருந்தார். அவள் அவருக்கு முன்னால் போய் நின்று மூச்சு வாங்கினாள்.

"மாமா, எங்க வண்டியில முந்நூத்தி நாற்பது பவுண்டுக்கு இடம் காலியாக் கிடக்கு. நீங்க வர்றீங்களா?"

மாமா அவளைப் பார்த்தார். தூரத்தில் வரிசையாக நின்ற நீலக் கேன்களைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ நாற்காலிகள், எத்தனையோ கார்கள் அவருக்குப் போதாமல் போயிருக்கின்றன. ஒரு இடத்தில் உட்கார்ந்த பிறகும் அங்கே இடம் மிச்சமிருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. அவருக்குச் சந்தோஷத்தில் காது சிவந்துபோனது.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"வர்றேன்" என்றார்.

முதல் தடவையிலேயே சொன்னார். லாரிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெர்ன் தாத்தாவுக்கு அது எப்படிக் காதில் விழுந்ததோ தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மாமா ஏறி உட்கார்ந்ததும் ஒலிபெருக்கி பேசியது. "ஆயிரத்து நானூத்தி எழுபது. முப்பது கம்மி. போயிட்டு வாங்க."

ஐந்து கேன்களும் கிடங்கிலேயே தங்கின. அந்த வாரம் முழுவதும் டோர்வாலிலேயே நல்ல காபி அங்கேதான் கிடைத்தது. லாரிக்காரர்கள் இரண்டு 'வேண்டாம்' சொல்லிவிட்டு வரிசையில் நின்று குடித்தார்கள்.

பிக்கப் சாலையில் ஏறியது. இப்போது அதன் முகம் நேராகச் சாலையைப் பார்த்தது. அப்பா எட்டாயிரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பின் இருக்கையில் ஸ்பட், மாமாவின் மடியில் பாதியும் பிரிட்டாவின் மடியில் பாதியுமாகப் படுத்துக்கொண்டான்.

"மருமகளே, இன்னும் முப்பது பவுண்டு மிச்சமிருக்காமே" என்றார் மாமா. "திரும்பற வழியில ஒரு அப்பம் கூடுதலாச் சாப்பிட்டுக்கட்டுமா?"

"வேண்டாம் மாமா" என்றாள் பிரிட்டா. "அந்த முப்பதும் மீனுக்கு."