துண்டுக்குள் ஒரு பதில்

"போன ரெண்டு வாரத்துல மனசு சோர்ந்து போயிருந்தவங்கள்லாம் கை தூக்குங்க!"

எட்டாம் வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி கலையரசி டீச்சர் வாசித்தார். பிள்ளைகள் யாராவது மனச்சோர்வில் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒன்பது கேள்விகள் வந்திருந்தன. ஆளுக்கொரு தாள் கொடுத்து எழுத வைக்க வேண்டியது. ஆனால் வந்தது ஒரே தாள். பள்ளி ஜெராக்ஸ் மிஷினோ ரிப்பேர். சாயங்காலத்துக்குள் பதில் போக வேண்டுமாம்.

ஒரே ஒரு கை எழுந்தது. அது தவசியின் கை.

அவன் அம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். காய் எடுக்கும் காலம் முடியும்வரை அங்கேயே தங்கல். தவசி சித்தப்பா வீட்டில் இருக்கிறான். கேட்டார்கள், உள்ளதைச் சொன்னான்.

"டேய், இவனுக்கு மனசு சரியில்லையாம்டா!" என்றான் விஜயபாண்டி. வகுப்பே சிரித்தது.

"சும்மா இருங்கடா" என்ற டீச்சர், "ராத்திரி தூக்கம் வராதவங்க?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தவசியின் கை மறுபடி எழவில்லை. தலையைப் பெஞ்சில் கவிழ்த்துக்கொண்டான். "நாளையிலருந்து நான் பள்ளிக்கூடம் வரல" என்று அவன் முணுமுணுத்தது, பக்கத்து பெஞ்சில் இருந்த முத்துப்பிரியாவுக்குக் கேட்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்பதையும் கேட்டுவிட்டு, சொன்னவனைப் பார்த்துச் சிரிப்பதா? இது என்ன நியாயம்?

விருட்டென்று எழுந்தாள். "டீச்சர், நேத்து ராத்திரி நீங்க நல்லாத் தூங்குனீங்களா?"

டீச்சர் திகைத்தார். "அதெல்லாம்... இத்தன பேரு முன்னால எப்படிச் சொல்றது?"

"அப்ப தவசி மட்டும் சொல்லணுமா?" பயம் பாதி, கோபம் பாதியாகக் கேட்டாள். "எங்கப்பா மாட்டுத் தரகர் டீச்சர். சந்தையில அம்புட்டுப் பேரு நிப்பாங்க. ஆனா துண்டுக்குள்ள கையவிட்டு, விரலப் பிடிச்சுத்தான் வெல பேசுவாரு. ஒரு மாட்டு வெலைக்கே அம்புட்டு மறைவு. இவன் மனசுக்கு ஒரு துண்டுகூடவா இல்ல?"

டீச்சர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதில் நாலே வகைதான்" என்றார் மெல்ல. "இல்லவே இல்லைன்னா விரலே பிடிக்க வேணாம். சில நாள்னா ஒண்ணு. பாதி நாளுக்கு மேலன்னா ரெண்டு. அநேகமா தெனமும்னா மூணு. துண்டு இருக்கா ஆத்தா?"

இருந்தது. முத்துப்பிரியாவின் தூக்குவாளியைச் சுற்றியிருந்த அப்பாவின் பழைய துண்டு. புளிச்சோற்று வாடைதான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

கேள்விகள் கரும்பலகையில் ஏறின. ஒவ்வொருவராக மேசைக்குப் போய், ஒவ்வொரு கேள்விக்கும் துண்டுக்குள் டீச்சரின் விரலைப் பிடித்தார்கள்; அவர் மறு கையால் குறித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே போன விஜயபாண்டி, திரும்பும்போது சிரிக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

கடைசியாகத் தவசி போனான். துண்டு வெகுநேரம் அவர்கள் கைகளை மூடியபடியே இருந்தது. டீச்சர் அவனிடம் ஏதோ மெல்லக் கேட்டார். அவன் தலையாட்டினான்.

"கை தூக்கச் சொன்னது என் தப்புப்பா" என்றார் டீச்சர். இதை மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

டீச்சர் சொல்லியனுப்ப, சனிக்கிழமை தவசியின் அம்மா மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தார். அவரும் டீச்சரும் அவனை ஆஸ்பத்திரிக்கு, மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார்கள். திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வந்து, முத்துப்பிரியாவின் புளிச்சோற்றில் பங்கு கேட்டான்.

துண்டுக்குள் அவன் எத்தனை விரல் பிடித்தான்? முத்துப்பிரியாவுக்கே தெரியாது. நமக்கு எதற்கு?