மேற்குக் காற்று, கிழக்கே குண்டு

டெலிபோன் அலறியது.

ராஜா அண்ணாமலைபுரம். இரண்டாவது மாடி அலுவலகம். காலை ஒன்பது இருபது.

அனந்தராமன் எடுத்தார். பாலைவனத்துப் பீரங்கிச் சோதனைத் தளத்திலிருந்து மேஜர் சிதம்பரநாதன்.

"உங்க காத்துக் கணக்கை நம்பிச் சுட்டோம். குண்டு அறுநூறு மீட்டர் கிழக்கே தள்ளி, டீ ஷெட் மேல விழுந்திருக்கு."



சமையல்காரர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்ததால் உயிர் பிழைத்தாராம். குறி வைத்த ஹவில்தாரைக் காவலில் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு மேஜர் வைத்துவிட்டார்.

பீரங்கிக் குண்டு பல கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கும். வழியில் காற்று தள்ளும். எந்த உயரத்தில் எந்தக் காற்று என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணித்துத் தருவதுதான் அனந்தராமனின் வேலை. இருபது வருட அனுபவம். ஆனாலும் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, காற்று எந்தப் பக்கம் என்று மனைவி மதுமதி அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஃபைலைத் திறந்தார்.

காற்றின் திசை முழுக்கத் தலைகீழ்!

சதி...

யார்? யோசிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. நேற்று மாலை ராஜினாமாக் கடிதத்தை மேஜை மேல் வீசிவிட்டுப் போன உதவியாளன் ராகேஷ்! போலீஸுக்குப் போன் போட்டார். துப்பறியும் சிங்கமாகவே ஆகிவிட்டார். கறுப்புக் கண்ணாடி ஒன்றுதான் குறை.

இன்ஸ்பெக்டர் தேவானை வந்தார். பின்னாலேயே, அடையாறு வீட்டிலிருந்து பாதி டிபனில் அள்ளிவரப்பட்ட ராகேஷ். தான் எதையும் தொடவில்லை என்று அவன் சொன்னதை அனந்தராமன் காதில் வாங்கவில்லை.

கம்ப்யூட்டரில் யார், எப்போது கை வைத்தார்கள் என்ற பதிவைத் தேவானை கேட்டார்.

நேற்று மாலை ஆறு பதினாலு. திருத்தியவர் பெயர்... அனந்தராமன்!

"என் பாஸ்வேர்டைத் திருடிண்டு பண்ணியிருக்கான் மேடம்."

தேவானை திரையிலிருந்த காற்றுத் திசைக் கட்டத்தைக் காட்டினார்.

"சார், மேற்குக் காத்துன்னா மேற்கேருந்து வர்றதா, மேற்கே போறதா?"

"வர்றதுதான். இது குழந்தைக்கே..."

பாதியில் நின்றார்.

ஆறு பதினாலு. ராகேஷ் போன கோபம். அவன் முடிக்காத வேலையை வீம்புக்குத் தானே முடிக்க உட்கார்ந்தது. காற்று எங்கிருந்து வருகிறது என்ற கட்டத்தில், எங்கே போகிறது என்பதை எழுதியது...

அவரேதான்!

பாஸ்வேர்டு திருட்டு என்றே சாதித்துவிட்டால்? ஒரு நொடி சபலம் தட்டியது. எதிரே ராகேஷ் வெளிறிப்போய் நின்றிருந்தான். அங்கே, முகம் தெரியாத ஒரு ஹவில்தார்.

அனந்தராமன் போனை எடுத்தார்.

"மேஜர், அந்த ஹவில்தாரை விட்டுடுங்கோ. தப்புப் பண்ணினது நான்தான்."

மறுமுனையில் கொட்டிய வசவுகளை நின்றபடியே கேட்டு முடித்தார். பிறகு ராகேஷிடம் மன்னிப்புக் கேட்டார். அவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

தேவானை தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"புகார் குடுத்தவரும் நீங்க, பண்ணவரும் நீங்க. நல்லவேளை சார், ஒரே ஜீப்புல ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடலாம்."