இருகைப் பேழை

பொழுது சாய்வதற்குள் சோற்றைப் பேழைக்குள் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சோறு இருக்கிறதென்று முதுகுப்பையே கூச்சல் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். பூரணியின் பை ஏற்கெனவே முனகத் தொடங்கியிருந்தது. அவள் புளியோதரைப் பொட்டலத்தையும் அவலையும் கடலைமிட்டாயையும், வாசனை வரக்கூடும் என்பதால் பற்பசையையும்கூட, பேழையின் வாய்க்குள் தள்ளினாள். கோவில் உண்டியல் மாதிரிதான் அது. போடுவதற்கு யாரும் போடலாம், எடுப்பதுதான் சிரமம்.

மலைகளிலிருந்து மனிதர்களைக் கீழே இறக்கிவிட்டு மூன்று தலைமுறை ஆகியிருந்தது. பொதிகையில் இப்போது கரடிகள்தான் குடித்தனம் நடத்தின. குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள் மட்டும் ஆயுளில் ஒரு முறை முதுகுப்பையோடு உச்சிக்கு நடந்து போய்விட்டு வரலாம். கரடிக்குக் கண் மந்தம், மூக்கு பொல்லாதது. ஒரு தடவை மனிதச் சோற்றை ருசி பார்த்துவிட்டால் அது அப்புறம் கரையான் புற்றைத் தோண்ட மெனக்கெடாது, கூடாரத்தைத்தான் தோண்டும். ஆகவே தங்குமிடத்துக்கு ஒரு பேழை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பூட்டு விஷயத்தில் மலைக்காப்புத் துறை நிறையச் சூடு பட்டிருந்தது. கைரேகைப் பூட்டு, குளிரில் விறைத்த விரலை அடையாளம் காணவில்லை. எண் பூட்டு வைத்தார்கள், ஏறுகிறவர்கள் எண்ணை மறந்தார்கள். கடைசியில் ஒரு பொறியாளருக்கு யோசனை உதித்தது. கரடி தனியாக அலைகிற மிருகம். மனிதன் அப்படியில்லை. தனியாகவே வந்தாலும் பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிட்டுக்கொள்வான். ஆகவே பேழையின் இரண்டு பக்கமும், ஓர் ஆளுக்கு எட்டாத அகலத்தில், இரண்டு தட்டுகள். உயிர்ச்சூடுள்ள இரண்டு கைகள் ஒரே நேரத்தில் அவற்றை அழுத்தினால் கதவு திறக்கும். அவருக்கு விருதுகூடக் கொடுத்தார்கள்.

பாவம், அவர் மனிதர்களை மட்டும் கொஞ்சம் பழைய கணக்கில் நினைத்துவிட்டார்.

அன்று அந்தத் தங்குமிடத்தில் இரண்டு கூடாரங்கள் இருந்தன. ஒன்று பூரணியுடையது. மற்றது தாவீது என்பவருடையது. நாகர்கோவில்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. இருவரும் ஒரே பாதையில் ஏறி வந்து, ஒரே சுனையில் தண்ணீர் பிடித்து, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இதில் பகை ஒன்றுமில்லை. அந்தக் காலத்து நாகரிகம் அப்படி. எல்லார் காதுக்குள்ளும் ஒரு செவித்துணை இருந்தது. பிறந்த ஊர்ப் பேச்சிலேயே பேசும், மனம் கோணாமல் பேசும். வேறு ஆளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அதனிடம் சொன்னால் போதும், அது அவருடைய துணையிடம் சொல்லிவிடும். முன்பின் தெரியாதவரிடம் வாய் திறந்து நேராகப் பேசுவது, அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவதைப் போன்ற மட்டமான காரியம்.

காலையில் பூரணி பேழையருகே போய் நின்றாள். தாவீது தன் கூடாரத்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளைக் கூப்பிடட்டா?" என்றாள் பூரணி, தன் செவித்துணையிடம்.

"வேண்டாம்க்கா, தப்பா எடுத்துக்கிடுவாங்க. நான் அவங்க துணைகிட்டச் சொல்லுதேன்."

"சரி, சொல்லு."

"இங்க அலை கெடைக்கலக்கா. கொஞ்சம் பொறுங்க."

பூரணி பொறுத்தாள். அங்கே தாவீதுக்கும் இதே பதில்தான் கிடைத்திருந்தது. அவரும் பொறுத்தார். நடுவில் ஒரு தடவை இருவர் கண்களும் சந்தித்தன. உடனே இருவரும் அவசரமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பூரணிக்கு உச்சிக்குப் போயே ஆக வேண்டும். குலுக்கலுக்கு அவளும் கணவர் நம்பிராஜனும் சேர்ந்துதான் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்த மறு வருடம்தான் பெயர் விழுந்தது. உச்சியில் செவித்துணை வேலை செய்யாது என்று கேள்விப்பட்டிருந்தாள். அதுதான் அவளுக்கு வேண்டும். தானாகக் கழற்றிவைக்க அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றாது. வீட்டில் அழத் தொடங்கினால் போதும், செவித்துணை உடனே சிரிப்புத் துணுக்குச் சொல்ல ஆரம்பித்துவிடும். ஒரு வருடமாக அவளால் முழுதாக ஓர் அழுகை அழ முடியவில்லை. உச்சியில் உட்கார்ந்து ஆசைதீர அழுதுவிட்டு, அவருக்குப் பிடித்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு இறங்க வேண்டும். சோறில்லாமல் அந்த ஏற்றத்தை ஏற முடியாது.

'சார், கொஞ்சம் கை கொடுக்கீங்களா?' அவ்வளவுதான் கேட்க வேண்டும். மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது மட்டமான காரியமாகவே பட்டது. வெயில் ஏறியது, இறங்கியது. பசிக்குத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், ஈத்தை மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு கரடிகள் வந்தன. ஒரு தாய், முக்கால் வளர்த்தியில் ஒரு குட்டி. பூரணி கூடாரத்துக்குள் ஒடுங்கினாள். தாவீது அவருடையதற்குள் ஒடுங்கினார்.

தாய் பேழையை மோந்து பார்த்தது. நகத்தால் பிறாண்டியது. பிறகு சுற்றி வந்து ஒரு தட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்று, அடித்தொண்டையில் உறுமியது. மறுபக்கத்திலிருந்து குட்டி பதில் கொடுத்தது. தாய் மறுபடி ஏதோ சொன்னது. குட்டியும் எழுந்து, எதிர்த் தட்டில் கையை வைத்தது.

கதவு திறந்துகொண்டது.

புளியோதரைப் பொட்டலத்தைத் தாய் பிரித்தது. கொஞ்சம் தின்றுவிட்டு, மீதியைக் குட்டியின் பக்கம் தள்ளிவிட்டது. கூடாரத்துத் துணியின் இடுக்கு வழியாகப் பூரணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம் இருந்தது, பசி இருந்தது, ஆனால் எல்லாவற்றையும் விடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"ஒரு சிரிப்புச் சொல்லட்டாக்கா?" என்றது செவித்துணை.

மறுநாள் இருவரும் முன்னும் பின்னுமாக, வெறும் வயிற்றோடு மலையை விட்டு இறங்கினார்கள்.

மலைக்காப்புத் துறை விசாரணை நடத்தியது. மனிதர்கள் இரண்டு பேர் நாள் முழுக்க நின்றும் திறக்க முடியாத பேழையைக் கரடிகள் வந்தவுடன் திறந்துவிட்டன. அதற்கு முந்தைய வருடங்களின் கதையும் அதேதான் என்று தெரியவந்தது. அதிகாரிகள் புத்திசாலிகள். தவறு பேழையில்தான் என்று முடிவு செய்து, புதிய பேழைகளைச் செய்யச் சொன்னார்கள். பூரணிக்கும் தாவீதுக்கும் வருத்தம் தெரிவித்து, அடுத்த வருடம் அதே நாளில் இன்னொரு முறை ஏற அனுமதி கொடுத்தார்கள்.

அந்த ஒரு வருடமும் பூரணி கரடிகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை மலையடிவாரத்திலேயே செவித்துணையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். காதுக்குள் ஜில்லென்று காற்று புகுந்தது. அன்று சாயங்காலம் தங்குமிடத்தில் சோற்றைப் பேழையில் போட்டுவிட்டு, எதிரே தாவீதின் கூடாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தூங்கப் போனாள். விடிந்ததும் தைரியம் வந்தது. நேரே தாவீதின் முன்னால் போய் நின்றாள்.

"சாப்பிட்டீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தன்னிச்சையாகக் காதுக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. அவரும் கழற்றியிருந்தார்.

"இல்ல," என்றார். "நீங்க?"

"நானும் இல்ல. போன வருசமே கேட்டிருக்கணும்."

"நானுங்கூடத்தான் கேக்கல," என்று சிரித்தார். "பேசத் தெரியாதவங்களோன்னு நெனச்சேன்."

"நானும் ஒங்களை அப்படித்தான் நெனச்சேன். புளியோதரை இருக்கு. ஒங்களுக்கு ஆகுமா?"

"ஆகுமாவா! வாங்க, எடுப்போம்."

இருவரும் சேர்ந்து புதிய பேழையை நோக்கி நடந்தார்கள். பூரணிக்கு, உச்சிக்குப் போகாமலேயே கண்ணீர் வந்துவிடும் போலிருந்தது. பேழையை நெருங்கியதும் அதன் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. காது கிழிகிற ஊதல். மிளகாய்ப் புகை குபுகுபுவென்று கிளம்பியது.

"எச்சரிக்கை! ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்கள் சேர்ந்து வருகின்றன. ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கரடிகள்! கரடிகள்!"

இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, தாவீது கிழக்கே ஓடினார். பூரணி மேற்கே ஓடினாள். ஆளுக்கொரு பாறை கிடைத்தது. ஏறி உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

பேழை இரண்டு பாறைகளையும் மாறி மாறிப் பார்த்தது. ஊதல் அடங்கியது. விளக்கு பச்சையானது.

"மன்னிக்கவும்," என்றது அது, மிகுந்த மரியாதையோடு. "மனிதர்கள்தான்."